அம்மாவுக்கு மூன்று பெயர்

பிப்ரவரி 3

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

தீர்ப்பு வந்த பிறகு உன்னை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். ‘அன்புள்ள மருமகளுக்கு’ என்று எழுதினால் கோர்ட்டை அவமதித்த மாதிரி. ‘அன்புள்ள அம்மணி’ என்று எழுதினால் என்னையே நான் அவமதித்துக்கொண்ட மாதிரி. ஆகவே உன் தொழிலைப் பிடித்துக்கொண்டேன். நீ எப்போதும்போல அத்தை என்றே எழுது. ஜட்ஜ் உன்னையும் அவனையும்தான் பிரித்தார், என்னை யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

போனில் பேசக் கூடாதா என்று கேட்பாய். டெலிபோன் எக்சேஞ்சில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்த காது இப்போது வாசல் மணிக்கே அசைவதில்லை. நான் கத்த, நீ கத்த, நடுவில் என் பையன் வந்து "யாரும்மா?" என்று கேட்க, அது எதற்கு? தபால்காரரும் பாவம், பில்லைத் தவிர வேறு எதையாவது கொண்டு வரட்டும்.

ஒரு உதவி வேண்டும். நீ இப்போது வேலை பார்க்கும் ஊர்தான் நான் பிறந்த ஊர். அங்கே பழைய கல்லறைத் தோட்டத்தை எடுத்துவிட்டு ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்களாம், பேப்பரில் விளம்பரம் வந்திருக்கிறது. சொந்தக்காரர்கள் வந்து கேட்டால் அந்தக் கல்லறையைப் பெயரோடு புது இடத்துக்கு மாற்றித் தருவார்கள். கேட்க ஆளில்லாதவர்களை எல்லாம் ஒரே குழியில் போட்டுவிடுவார்கள். ஜூன் கடைசி வரைதான் கெடு. என் அம்மா அங்கேதான் கிடக்கிறாள். எந்தப் பெயரில் கிடக்கிறாள் என்பதுதான் தெரியாது.

உனக்கு இதை நான் சொன்னதில்லை. அப்பா காய்ச்சலில் போனபோது எனக்கு மூன்று வயது. அம்மா சின்னப் பெண். அவளுடைய அண்ணன்மார் அவளை ஒரு லாரிக்காரருக்கு மறுபடி கட்டிக்கொடுத்துவிட்டார்கள். என்னை என் பெரியப்பா வீட்டில் வைத்துக்கொண்டார்கள். பெரியப்பாவுக்கு மாற்றல் வந்ததும் இந்த ஊருக்கு வந்துவிட்டோம். பெரியம்மா எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. காய்ச்சல் வந்தால் ராத்திரியெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அம்மாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஒரே பதில்தான். "உங்கம்மா மூணு பேரு மாத்தினவ. அந்தப் பேச்சை விடு."

முதல் பெயர் என் அப்பா பெயர். என் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயருக்குப் பின்னால் அதுதான் இருக்கிறது. இரண்டாவது, லாரிக்காரர் பெயர், பெரியப்பா வாயிலிருந்து ஒரு தடவை விழுந்தது. மூன்றாவது என்ன, யாருடையது என்று இன்றுவரை தெரியாது. பெண்பிள்ளைக்குப் பெயர் மாறினால் ஆள் மாறினான் என்றுதானே அர்த்தம்? அதனால் நானும் தோண்டித் துருவாமல் இருந்துவிட்டேன். நான் எக்சேஞ்சில் சேர்ந்த வருஷம் அவள் போய்விட்டதாகத் தகவல் மட்டும் வந்தது.

சான்றிதழ் நகலை இதோடு வைத்திருக்கிறேன். அம்மாவின் சொந்தப் பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு வைக்கிற பெயர், உன் பாடு திண்டாட்டம்தான். விட்டுவிட்டுப் போனவளை இந்த வயதில் எதற்குத் தேடுகிறாய் என்று கேட்காதே. அவள் ஒரு தரமாவது என்னை நினைத்தாளா என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் அவளைக் குழியில் போட விடமாட்டேன்.

நீ செய்துகொடுத்த பல் செட்டில் கீழ் வரிசை, இடது பக்கம், லேசாக உறுத்துகிறது. இது புகார் இல்லை, செய்தி.

உன் அத்தை

●

பிப்ரவரி 21

அன்புள்ள அத்தைக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பல் செட் செய்யும் லேபில் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். பிளாஸ்டர் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். கோர்ட் வாசலில் நீங்கள் என் தலையைத் தடவிவிட்டுப் போனீர்களே, அதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வேலை கிடைத்ததே உங்கள் எக்சேஞ்ச் சிநேகிதி சொல்லித்தான். உங்கள் அம்மாவைத் தேட எனக்கு நேரம் இல்லாமல் போகுமா?

போன ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். நல்ல மழை. லேபில் மெஷின் ரிப்பேர் பார்க்க வருகிறவர் ஸ்கூட்டரில் கொண்டு வந்து விட்டார். ஆபீஸ் என்பது தகரம் போட்ட ஒரே அறை. கிளார்க் நல்ல மனுஷர், ஆனால் ஒரு பக்கம் புரட்ட ஒரு டீ குடிக்கிறார்.

முதல் பெயரில் யாரும் இல்லை. இரண்டாவது பெயரிலும் இல்லை. சொந்தப் பெயரை மட்டும் வைத்து, நீங்கள் எக்சேஞ்சில் சேர்ந்த வருஷத்தை ஒட்டிப் பார்த்தோம். நாலு பேர் வந்தார்கள். ஒருவர் பள்ளிக்கூடப் பெண், ஒருவர் தொண்ணூறு வயதுப் பாட்டி. மூன்றாவது ஆள் ஒரு டாக்டரின் மனைவி, பளிங்குக் கல், குடும்பமே பக்கத்தில் படுத்திருக்கிறது. நாலாவது, ஒரே கல்லின் கீழே அம்மாவும் மகளும். மகள் முதலில் போயிருக்கிறாள், இரண்டு வருஷம் கழித்து அம்மா. இரண்டு பேருக்கும் ஒரே பின்பெயர். வயது ஒத்துப்போனதால் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். ஆனால் உங்கள் அம்மாவைப் பெற்ற பாட்டி, உங்கள் அம்மாவின் முதல் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார் என்று சான்றிதழ் நகலுக்குப் பின்னால் நீங்களே குறித்திருக்கிறீர்கள். அப்புறம் எப்படி அம்மாவோடு புதைப்பார்கள்? அது வேறு யாரோ என்று தள்ளிவிட்டேன்.

மெஷின்காரர் டார்ச் அடித்து எழுத்தில்லாத கல்லையெல்லாம்கூடத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் அத்தை. இன்னும் நாள் இருக்கிறது.

பல் செட்டை நீங்களே நகவெட்டியால் ராவிவிடாதீர்கள். உங்களைத் தெரியும். அடுத்த மாதம் ஒரு ஆள் அந்தப் பக்கம் வருகிறார், கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பல்லுக்காரி

●

மார்ச் 6

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

நகவெட்டி வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். உன் கடிதம் அன்றைக்குத்தான் வந்தது.

நீ மழையில் நனைந்துகொண்டு போய், செத்தவர்கள் நாலு பேரைப் பார்த்துவிட்டு வந்ததற்கு உனக்கு எப்படி நன்றி சொல்வது? பெற்ற பிள்ளையிடம் இந்த விஷயத்தைச் சொன்னேன். "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவனுக்கு எதையும் கிளறப் பிடிக்காது. உனக்குத் தெரியாததா? நீங்கள் இரண்டு பேரும் தட்டை உடைத்துச் சண்டை போட்டிருந்தால்கூட நான் நடுவில் புகுந்திருப்பேன். ஒரே வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருந்தால் எந்தக் கதவைத் தட்டுவது? இப்போது அவனே சமைக்கிறான். சாம்பார் என்கிறான், நானும் சாம்பார் என்றே சாப்பிடுகிறேன்.

எனக்கு ஒரு யோசனை. கல்லறையிலிருந்து பின்னோக்கி வராமல், கல்யாணத்திலிருந்து முன்னோக்கிப் போனால் என்ன? லாரிக்காரரோடு நடந்த கல்யாணத்தைப் பதிவு பண்ணியிருப்பார்கள். அம்மாவின் அண்ணன்மார் எல்லாவற்றுக்கும் ரசீது வாங்குகிற ஜாதி. பதிவு அலுவலகம் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது மணிக்கூண்டு இருக்கிறதோ என்னவோ. அதில் விலாசம் இருந்தால் அந்தத் தெருவில் யாரையாவது கேட்கலாம். அவள் அந்த மூன்றாவது ஆளோடு எங்கே போனாள் என்று யாராவது சொல்லாமலா போவார்கள்? என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன். நல்லபடியாக மாற்றி எழுதாதே.

அது கிடக்கட்டும், உன் ஒரு கடிதத்தில் மெஷின்காரர் இரண்டு இடத்தில் வருகிறார். பல்லை வாங்க ‘ஒரு ஆள்’ என்று மூன்றாவதாகவும் வருகிறார் என்று நினைக்கிறேன். மெஷின் அவ்வளவு பழுதாகிறதா?

உன் அத்தை

●

ஏப்ரல் 14

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளுங்கள். கெட்ட செய்தி இல்லை.

பதிவு அலுவலகத்தில் கல்யாணப் பதிவு கிடைத்தது. நீங்கள் சொன்ன மணிக்கூண்டு இருக்கிறது, மணிதான் சரியில்லை. உங்கள் அம்மா பெயர், உங்கள் அப்பா பெயரைச் சேர்த்து, ‘விதவை’ என்று. லாரிக்காரர் பெயர். கீழே சாட்சிகள். பெண் தரப்பில் ஒரு அண்ணன். மாப்பிள்ளை தரப்பில் மாப்பிள்ளையைப் பெற்ற அம்மா. அந்த அம்மா மகனுடைய பின்பெயரைப் போடாமல் தன்னைப் பெற்ற அப்பாவின் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறார். அந்தப் பெயரை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். சட்டென்று ஞாபகம் வந்தது. நான் தள்ளிவிட்ட அந்த நாலாவது கல், அம்மாவும் மகளும்! அதே பெயர்.

மூன்றாவது ஆள் என்று ஒருவனும் இல்லை அத்தை. உங்கள் அம்மாவின் மூன்றாவது பெயர் அவருடைய மாமியார் பெயர்.

உடனே தகர ஆபீசுக்கு ஓடினேன். பதிவேட்டில் இரண்டு பேருக்கும் ஒரே விலாசம். அந்த வீட்டில் இன்னும் ஆள் இருக்கிறார்கள். வீட்டுக்கார அம்மா மாடியில் இருக்கிறார், தொண்ணூறு தாண்டிவிட்டது, நாக்கு மட்டும் இளமையாக இருக்கிறது. தெருவைப் பார்த்த முன்னறையில்தான் உங்கள் அம்மாவும் மாமியாரும் வாடகைக்கு இருந்து குடைக்கடை வைத்திருந்தார்களாம். இப்போது அங்கே செல்போன் கடை. அவர் சொன்னதை நீங்கள் சொன்னபடியே மாற்றாமல் எழுதுகிறேன்.

"லாரிக்காரன் ஒரு வருஷம்தான் ஒழுங்கா இருந்தான். அப்புறம் போற வழியில இன்னொரு குடும்பம். ஒருநாள் வந்து, 'இவளை அவங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடும்மா'ன்னு பெத்தவகிட்டயே சொல்றான். அந்தம்மா குடைக் கம்பியை நிமித்திக்கிட்டே இருந்தாங்க. நிமிர்ந்து பாக்கல. 'வாடகை கட்டுறது நான். போறதுன்னா நீ போ. அவ இருப்பா'ன்னாங்க. பையனைத்தான் வெளிய அனுப்பினாங்க, மருமகளை இல்ல."

பெயர் மாறியது எப்படி என்று கேட்டேன்.

"கடைக்கு லைசென்ஸ் எடுக்கப் போனப்ப ஆபீஸ்ல, 'இந்தப் பொண்ணு யாரு, புருஷன் பேரு என்ன'ன்னு கேட்டிருக்காங்க. 'புருஷன் பேரெல்லாம் போதும். என் மகள்னா என் பேரு போடமாட்டீங்களா? இது என் மகள். எங்கப்பா பேரைப் போடு'ன்னு மேசையைத் தட்டினாங்களாம். அவன் பயந்துபோய் எழுதிட்டான். அதுக்கப்புறம் அவங்க மாமியார் மருமகள்னு ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது."

அத்தை, உங்களைக் கூட்டிப்போக இரண்டு பேரும் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். உங்கள் பெரியம்மா கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, "பிள்ளை மறந்தாச்சு, இப்ப வந்து குழப்பாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். திரும்பி வந்து உங்கள் அம்மா ஒரு வாரம் குடைக் கம்பியைத் தொடவே இல்லையாம். அதற்குப் பிறகு நடந்ததை வீட்டுக்கார அம்மா சொன்னபோது எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

"மழைக்கு முந்தி வருஷா வருஷம் சின்னக் குடையா பண்ணுவாங்க. வெளியூர்ல ஒரு பள்ளிக்கூடத்துக்கு. பள்ளிக்கூடம் முழுக்க இல்ல, ஒரே ஒரு கிளாசுக்கு. இந்த வருஷம் ரெண்டாங்கிளாஸ்னா அடுத்த வருஷம் மூணாங்கிளாஸ். 'தர்மம் பண்றதுன்னா எல்லாருக்கும் பண்ணுங்களேன்'னேன். 'எம்பொண்ணு அந்தக் கிளாஸ்ல படிக்கிறாக்கா. அவளுக்கு மட்டும் குடுத்தா வீட்ல வாங்கமாட்டாங்க. எல்லாப் பிள்ளைக்கும் குடுத்தா யாரு தடுப்பா?'ன்னா. ஒரு வருஷம் மட்டும் கணக்குத் தப்பிப் போச்சு. பொண்ணு பெயிலாயிட்டா போல. குடையெல்லாம் மேல் கிளாசுக்குப் போயிடுச்சு. மாமியாரும் மருமகளும் ரெண்டு நாள் அதையே பேசிப் பேசி அழுதாங்க. பெயிலானதுக்கு இல்ல, பிள்ளை நனையுமேன்னு."

இந்தக் கதை வேறு யாருடையதாகவும் இருக்கலாம் என்று எனக்கு ஒரு பயம். ஆகவே கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் பெயிலானீர்களா?

அன்புடன்,
உங்கள் பல்லுக்காரி

●

ஏப்ரல் 22

என் கண்ணே,

ஆனேன். ஐந்தாம் வகுப்பில், கணக்கில்.

இதை என் கல்யாணத்தின்போதும் சொல்லவில்லை, உன் மாமனார் கண்மூடுகிறவரையிலும் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பில் கணக்கில் மார்க் குறைந்துவிட்டது என்று உன் பழைய வீட்டுக்காரனை ஒரு வேளை பட்டினி போட்டேன். அவனிடம் மட்டும் சொல்லித் தொலைக்காதே. உலகத்தில் இது எனக்கும் செத்துப்போன வாத்தியாருக்கும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒரு குடைக்கடையில் இரண்டு பெண்கள் அதற்காக அழுதிருக்கிறார்கள்.

எங்களுக்குக் ‘குடைக் கிளாஸ்’ என்றே பெயர். மற்ற வகுப்புப் பிள்ளைகளுக்கு எங்கள் மேல் அத்தனை பொறாமை. யாரோ தர்மவான் கொடுக்கிறார் என்று டீச்சர் சொல்வார். அந்தத் தர்மவானை மீசை வைத்த பணக்காரராக நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். கறுப்புத் துணி, வளைந்த மரக் கைப்பிடி, குழந்தைக் கைக்குச் சரியான அளவு. பெயிலான வருஷம் என் பழைய கூட்டாளிகள் எல்லாம் குடையோடு போக, நான் புத்தகப் பையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு போனேன். அடுத்த வருஷம் குடை எங்கள் வகுப்புக்குத் திரும்பி வந்தது. ஏன் வந்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. பிள்ளைகள் கேட்குமா? குடை கிடைத்தால் போதும்.

கடிதத்தைப் படித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். எதிர்வீட்டு டைப்பிஸ்ட் ஓடி வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "எங்கம்மா என்னை நினைச்சிருக்கா" என்றேன். பாவம், எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். எழுபத்து நாலு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யார் கண்டார்கள்? நீ கொடுத்தது அது. உன் பிளாஸ்டர் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.

பெரியம்மா மேல் ஆத்திரம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். சுவரில் மாட்டியிருக்கும் அவள் படத்தைத் திருப்பி வைத்துவிடலாமா என்றுகூட எழுந்தேன். ஆனால் அவளுக்குக் குழந்தையே பிறக்கவில்லை. கேட்டில் வந்து நின்ற பெண்ணைப் பார்த்தபோது அவளுக்குக் குலை நடுங்கியிருக்கும். எனக்குச் சோறு ஊட்டிய கை அது. படம் அப்படியே இருக்கட்டும். இரண்டு பேருக்கும் நான்தான் பிள்ளை.

இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம். அம்மாவை மட்டும் மாற்றக் கூடாது. இரண்டு பேரையும் ஒன்றாக மாற்ற வேண்டும். அந்த மகராசியை விட்டுவிட்டு என் அம்மா எங்கேயும் வரமாட்டாள். அவர் எனக்கு இரத்த உறவு இல்லை என்று ஆபீசில் ஏதாவது சொல்வார்கள். மேசையைத் தட்ட வேண்டுமென்றால் நானே வந்து தட்டுகிறேன்.

உன் அத்தை

●

மே 30

அன்புள்ள அத்தைக்கு,

மேசையைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. கிளார்க் பதிவேட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "இதுல தாய், மகள்னு இருக்கு. மகளுக்கு மகள்னா பேத்தி. பேத்தி கேட்டா குடுக்காம எப்படி?" என்று முத்திரையைக் குத்திவிட்டார். அந்த அம்மா அன்றைக்குச் சொன்ன பொய்யை அரசாங்கமே இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய அதிகாரக் கடிதமும் செல்லுபடியாகிவிட்டது. போன வியாழக்கிழமை இரண்டு பேரையும் புது இடத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தேன். கொஞ்சம் மேடான இடம், தண்ணீர் தேங்காது. பழைய கல்லையே நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு மூலை உடைந்திருந்தது, என் பல் சிமெண்டை வைத்துப் பூசிவிட்டேன். இந்த லேப் சாமான் வாயில் எத்தனை வருஷம் நிற்கிறதோ, கல்லில் நன்றாகவே நிற்கும்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு மாதமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள், ஆனாலும் நான் சொல்லி நீங்கள் கேட்பதுதான் முறை.

மெஷின்காரர் என்னைக் கேட்டார். நான் சரி என்றுவிட்டேன். அவருக்கும் முன்பு ஒரு கல்யாணம் ஆகி, மனைவி தவறிவிட்டார். அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் நான் பேசினால் கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார். எனக்கு அதுவே புதுசாக இருந்தது. ஜூன் 28, காலை பத்து மணிக்கு அதே பதிவு அலுவலகத்தில். எனக்கு அம்மா அப்பா இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அண்ணன், "ஒரு தடவை கட்டி அனுப்பினது போதும், இதுக்கெல்லாம் நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டான். பெண் பக்கம் யாரும் இல்லையென்றால் என்ன, லேபில் இரண்டு பேர் வருவார்கள்.

எனக்கும் உங்கள் அம்மா மாதிரி மூன்று பெயர் ஆகப்போகிறது: அப்பா பெயர், உங்கள் வீட்டுப் பெயர், இனி இவர் பெயர். சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் ராத்திரி நினைத்தால் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் நீங்கள் எனக்கு எழுதியது, உங்கள் வீட்டுப் பெயர் இன்னும் என்னோடு ஒட்டிக்கொண்டிருந்ததால்தான் என்று ஒரு எண்ணம். அது போனால் உங்கள் கடிதமும் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. உங்கள் மகன் மனசு என்ன பாடுபடும் என்றும் தெரியும். நீங்கள் பதில் எழுதாவிட்டால் அதற்காக ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். எனக்குப் பெண் என்று ஒரு இடம் கொடுத்தீர்கள், அந்த நன்றி எனக்கு எப்போதும் இருக்கும்.

அதிகாரக் கடிதத்தோடு நீங்கள் தபாலில் அனுப்பிய பல் செட்டைச் சரிசெய்து இந்தப் பார்சலோடு அனுப்பியிருக்கிறேன். போட்டுப் பார்த்து எழுதுங்கள். எழுத முடிந்தால்.

அன்புடன்,
உங்கள் பல்லுக்காரி

●

ஜூன் 8

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

பல் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. இப்போது எவனோடு வேண்டுமானாலும் சண்டைக்குப் போகலாம். உன் அண்ணன் விலாசத்தை அனுப்பு.

‘எழுத முடிந்தால்’ என்று முடித்திருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு நீ பக்கத்தில் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். பெயர் ஒட்டிக்கொண்டிருந்ததால்தான் எழுதினேனாம்! நான் என்ன பெயருக்கா தபால்தலை ஒட்டினேன்? நீ எந்தப் பெயரை வேண்டுமானாலும் வைத்துக்கொள். அவர் பெயரை வை, உன் அப்பா பெயரை வை, மெஷின் பெயரைக்கூட வை. விலாசம் மாறினால் மட்டும் எனக்கு ஒழுங்காக எழுது, அந்தப் பக்கத்துத் தபால்காரர் எப்படிப்பட்டவரோ தெரியாது.

என் பையனிடம் நான்தான் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிசைந்த சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினான். அவனுக்கு வலிக்காது என்று நான் சொல்லவில்லை, வலித்தது. பிறகு, "நல்ல மனுஷனா?" என்று கேட்டான்.

"அவ பேசினா வேலையைக் கீழ வச்சுட்டுக் கேக்கறானாம்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. ஆனால் அவன், "அது நான் செய்யல" என்று மட்டும் சொன்னான். எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்து, "நீ போறியா?" என்றான்.

"போறேன்."

"போயி? உன்னை அங்க என்னன்னு சொல்லுவாங்க? பழைய மாமியார்னா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். உன் கடிதம் வந்த நாளிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குடைக்கடை அம்மாவைப் பற்றி அவனுக்கு முதலிலிருந்து சொன்னேன். இந்தத் தடவை "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்" என்று சொல்லவில்லை. முழுக்கக் கேட்டான். ஐந்தாம் வகுப்பு விஷயத்தையும் சொல்லித் தொலைத்துவிட்டேன், சொல்லாமல் கதை நகராது. ஆறு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் இந்த வீட்டில் அவன் சிரித்துப் பார்த்தேன்.

மறுநாள் வேலையிலிருந்து வரும்போது பஸ் டிக்கெட்டோடு வந்தான். ஜூன் 27 காலை வண்டி, ஜன்னலோர சீட்டு, டிரைவருக்குப் பின்னால் எனக்குப் பிடித்த இடம். நான் கேட்கவே இல்லை. "அவகிட்ட நான் நல்லா இருன்னு சொன்னேன்னு சொல்லு" என்றான். சொல்லிவிட்டேன்.

ஆகவே இருபத்தேழாம் தேதி மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்கு யாரையாவது அனுப்பு. சாயங்காலம் அம்மாவையும் பாட்டியையும் பார்க்க என்னைக் கூட்டிப்போ, எவ்வளவு நேரம் ஆனாலும் அவசரப்படுத்தாதே. மறுநாள் காலையில் பதிவு அலுவலகத்தில் நாற்காலி போடும்போது பெண் வீட்டு வரிசையில் முதல் நாற்காலி எனக்கு. லேப் பிள்ளைகள் எனக்குப் பின்னால் உட்காரட்டும். அங்கே யாராவது வந்து நான் யார் என்று கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டாம், உனக்கு நாக்குக் குழறும். பெண்ணைப் பெற்றவள் என்று நானே நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்லிக்கொள்கிறேன்.

உன் அத்தை